இருட்டுப் படம்

"அக்கா, ஃப்ளாஷ் எரியலன்னா இருட்டா ஒரு படம் விழுந்திருக்கும்ல?"

வாலு இதைக் கேட்டபோது அக்காக்காரி அவளுடைய மாவுக்கட்டுக் காலுக்கு அடியில் இரண்டாவது தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. வாலு அதைக் கவனிக்கவில்லை. படுத்துக்கிடக்கிற பிள்ளைக்கு யோசிக்கிறதைத் தவிர வேறு என்ன வேலை? கூரையைப் பார்த்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். முகமெல்லாம் வெளிச்சம். காலை ஒடித்துக்கொண்ட பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை வீட்டில் யாரும் பார்க்கவே இல்லை.

"நீ அழுத்தினேல்ல? அழுத்தினா படம் விழும். வெளிச்சம் இல்லாததால கருப்பா விழும், அவ்வளவுதானே? அத ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல போட்டு வெளுக்க வெச்சா நான் தெரிவேன்ல? நல்லாத் தெரியணும்னு இல்லக்கா. நிழல் மாதிரி தெரிஞ்சாக்கூடப் போதும். கால் ரெண்டும் பலகை மேல இருக்கறது தெரிஞ்சாப் போதும். அழிச்சிட்டியா என்ன?"

"இல்ல… தெரியல. பாக்கணும்."

"அழிச்சிருக்க மாட்ட. எறங்கின தாவல நீ அழிக்க மாட்டியே!" என்று சொல்லி வாலு சிரித்தாள். அக்காக்காரி தலையணையைச் செருகி முடித்து, போர்வையைச் சரி செய்து, சரியாக இருந்த தண்ணீர்ப் பாட்டிலையும் ஒருமுறை நகர்த்தி வைத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அழிக்கிறதாவது? எடுத்திருந்தால்தானே அழிப்பதற்கு! அப்படி ஒரு இருட்டுப் படம் கேமராவிலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை, இந்த உலகத்தில் எங்கேயுமே இல்லை. ஏனென்றால் அன்றைக்கு ஃப்ளாஷ் எரியாமல் போகவில்லை. இவள்தான் பொத்தானை அழுத்தவில்லை.

இந்த அக்கா தங்கை கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அக்காக்காரி ஒரு சின்ன ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் படம், சினிமாப் படம் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். அடையாள அட்டைக்குப் படம். வருகிறவர்களை முக்காலியில் உட்கார வைத்து, காது ரெண்டும் தெரியணும், பல்லு தெரியக்கூடாது, கண்ணாடியைக் கழட்டுங்க, கழுத்தை நேரா வைங்க என்று சொல்லிச் சொல்லி, சிரித்துக்கொண்டு உள்ளே வந்த மனிதனைக்கூடப் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி ஆக்கி அனுப்புவதுதான் அவள் உத்தியோகம். அவளே ஒருமுறை சொன்னாள்: "நாள் பூரா முகத்துல இருக்கறத எல்லாம் துடைச்சிட்டு எடுக்கறேன்." அப்படித் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன கைக்குத் தங்கைதான் தீனி போட்டாள்.

தங்கைக்காரிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல பெயர் இருக்கத்தான் செய்கிறது. வருகை எடுக்கிற டீச்சரைத் தவிர அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் நடக்கப் பழகியபோதே அலமாரி மேல் ஏறி நின்றவள் என்பதால் வாலு. ஆனால் வகுப்பில் அதே வாலு கடைசி பெஞ்சில் இருக்கிற இடம் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். எழுந்து பதில் சொல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஓவியம் வரையத் தெரியாது, பாட வராது, கட்டுரை எழுதச் சொன்னால் பேனாவைக் கடிப்பாள். மாமா மகன் வேலை கிடைத்து வெளியூர் போகும்போது தூக்கிப் போட மனசில்லாமல் கொடுத்துவிட்டுப் போன ஸ்கேட்போர்டில் கால் வைத்தாளே, அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணுக்குள் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. நாலு சக்கரம் வைத்த ஒரு துண்டுப் பலகை, அவ்வளவுதான். அதன் மேல் நின்றுவிட்டால் அவள் கெஞ்சுவாள், கொஞ்சுவாள், முறைப்பாள், நக்கலடிப்பாள், எல்லாம் முழங்காலும் தோளும் பேசுகிற பேச்சு. பலகை ஓட்டுகிற செட்டில் நாலைந்து பையன்கள் இருந்தார்கள். அவர்கள் தாவுவதும் இவள் தாவுவதும் ஒரே தாவல்தான். ஆனாலும் வெறும் நிழலைக் காட்டினால்கூட அக்காக்காரி இது வாலு என்று சொல்லிவிடுவாள். கையெழுத்து மாதிரி. தாவுவதற்கு முன்னால் எல்லோரும் உடம்பை முறுக்குவார்கள். இவள் மட்டும் பெருமூச்சு விடப்போகிறவள் மாதிரித் தோளைத் தளர்த்துவாள்.

அந்தத் தோளைப் படம் எடுக்கப் போய்த்தான் அக்காக்காரி தானும் ஏதோ செய்யக்கூடிய ஆள்தான் என்று கண்டுகொண்டாள். தரையோடு தரையாகப் படுத்துக்கொள்வாள். உடுப்பெல்லாம் மண். கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து எடுத்தால் சாதாரணத் தாவலும் கூரைக்கு மேலே போகும். எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்து செய்கிற காரியமில்லை. சக்கரச் சத்தத்தைக் கேட்டே செய்ய வேண்டும். கரகரவென்று வருகிற சத்தம் சட்டென்று அறுந்தால் பலகை காற்றில் என்று அர்த்தம். அந்த மௌனத்துக்குள் விரல் அழுத்தியிருக்க வேண்டும். ஒரு தாவலுக்கு ஒரே அழுத்தல்தான், ஏனென்றால் ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுத்த பழைய ஃப்ளாஷ் ஒருமுறை எரிந்தால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி எரியும். இதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் விரல் தப்பியதே இல்லை.

செட்டுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கீழே விழாமல் பலகை மேலேயே இறங்கி, உருண்டு போனால்தான் அந்தத் தாவல் உன்னுடையது. இறங்காத தாவலுக்குப் படம் கிடையாது. காற்றில் இருக்கும்போது எல்லோரும் அழகாகத்தான் இருப்பார்கள், அதை எடுத்து மாட்டிக்கொண்டு திரிகிறவன் ஊரை ஏமாற்றுகிறவன். செட்டுக்குத் தலைவன் மாதிரி இருந்த நெட்டையன் ஒருமுறை தன்னுடைய பிரமாதமான படம் ஒன்றைத் தானே அழிக்கச் சொன்னான். "நான் எறங்கல. எனக்குத் தெரியும்ல" என்றான். வாலு அன்று வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் மூன்று முறை சொன்னாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

பூட்டிக் கிடக்கும் ஒரு அலுவலகக் கட்டடத்தின் வாசல் படிக்கட்டுதான் செட்டில் எல்லோருக்கும் கனவு. நீளமானது, நெட்டுக்குத்தானது. நெட்டையன்கூட அதன் உச்சியில் நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். வாலு யாருக்கும் சொல்லாமல் அக்காவை மட்டும் கூட்டிக்கொண்டு ஒரு விடுமுறை நாள் விடியற்காலையில் அங்கே போனாள். பையன்கள் கத்திக் கத்தி யோசனை சொன்னால் தன்னால் முடியாது என்றாள். கட்டடத்தின் நிழலில் இன்னும் இருட்டு பிரியாததால் ஃப்ளாஷ் இல்லாமல் ஆகாது. அக்காக்காரி கீழே மல்லாந்து, பிறகு குப்புறப் படுத்து, இடம் பார்த்துக்கொண்டாள்.

வாலு விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். உள்ளங்கை உரிந்தது. பலகை தனியாக ஒரு பக்கம், ஆள் தனியாக ஒரு பக்கம். ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் ஒழுங்காக எரிந்தது. ஒவ்வொரு முறையும் அக்காக்காரி அந்தப் படத்தை அழித்தாள், சட்டம் சட்டம்தான். அப்புறம் ஒரு தடவை வாலு மேலே பலகையை ஓட்டிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே அக்காக்காரிக்குத் தெரிந்துவிட்டது, இது இறங்கும் என்று. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்கே சொல்ல வராது. சக்கரம் அடம்பிடிக்காமல் வந்தது. சத்தம் அறுந்தது. விரல் அழுத்தியிருக்க வேண்டிய அந்த மௌனத்தில் இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கேமராவிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள். தங்கை தலைக்கு மேலே போவதை வாயைப் பிளந்துகொண்டு வெறும் கண்ணால் பார்த்தாள். படார் என்று பலகை தரையைத் தொட்டது, வாலு அதன் மேலேயே நின்றாள், அப்படியே தெருவரைக்கும் உருண்டு போனாள்.

திரும்பி ஓடிவந்தாள். சிரிப்பும் அழுகையுமாக, மூச்சிரைக்க, "எடுத்தியா? எடுத்தியாக்கா?" என்றாள்.

"ஃப்ளாஷ் எரியலடி."

இதை யோசித்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, வந்துவிட்டது. சூடான பாத்திரத்திலிருந்து கை தானாக வருகிற மாதிரி. பொய் என்று அவள் மனதுக்கே அது எட்டவில்லை. வாலுவின் முகம் விழுந்தது. ஒரு நிமிடம் படியில் உட்கார்ந்தாள். "காலு ரெண்டும் நடுங்குதுக்கா" என்றாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள், என்ன தெரிந்ததோ, எழுந்து பலகையை எடுத்துக்கொண்டாள். "சரி விடு. இப்பதான் வழி தெரிஞ்சிடுச்சுல்ல" என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் அழுத்த மறந்தேன், வா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். அக்காக்காரி குப்புறப் படுத்து, கண்ணைக் கேமராவில் வைத்தாள்.

இந்த முறை விரல் தப்பவில்லை. அவள் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். விடியலின் நீலம் பின்னால், கை ரெண்டும் விரிந்து, தலைமுடி மேலே நின்று, வாலு பூமியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவளாக இருந்தாள். அந்த வெளிச்சம் அணைந்த மறுகணம் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோதும் ஃப்ளாஷ்தான் பதில். அம்மா தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவள். நாளெல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான். மறுநாள் நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். முக்காலியில் ஒருவர் படத்துக்கு உட்கார்ந்திருந்தார், அவரையும் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டாள். "ஏங்க, ஓட்டை ஒடசலத்தான் இரவல் குடுப்பீங்களா? ஒழுங்கா எரிஞ்சிருந்தா எம்பொண்ணு ஒருதடவையோட வீட்டுக்கு வந்திருப்பா. பெரிய மனுசன்தானே நீங்க? குடுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக் குடுக்கத் தெரியாதா?" கிழி கிழி என்று கிழித்தாள். ஸ்டுடியோக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. பேட்டரிதான் பழசு. மாத்தணும் மாத்தணும்னு நெனச்சேன், மாத்தல" என்றார். அக்காக்காரி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். திரைத்துணியின் மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

அந்த மனுசன் அதோடு விட்டிருந்தால் தேவலை. கடை ஓய்ந்த நேரமெல்லாம் ஃப்ளாஷைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். துடைப்பார், மாட்டுவார், சுவரைப் பார்த்து அடிப்பார். பளிச். மறுபடி அடிப்பார். பளிச். "எத்தன தடவ அடிச்சாலும் எரியுதும்மா. எரியாம இருந்தாலாவது சரி பண்ணலாம்" என்று அவளிடமே வந்து முறையிடுவார். போதாக்குறைக்கு, பாவம் பார்த்து, அழிக்காமல் கிடந்த அந்தக் கடைசித் தாவலின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கடை முகப்புக் கண்ணாடிக்குள் இத்தனை காலமாக இருந்த பல்லில்லாத குழந்தையை எடுத்துவிட்டு இதை மாட்டினார். "உன் தங்கச்சி பாத்தா சந்தோசப்படுவா" என்றார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நெட்டையனும் நின்று பார்த்தான்.

அவன் வீட்டுக்கு வந்து வாலுவைக் கேட்டுவிட்டுப் போனான். கெட்ட பையன் இல்லை, கட்டைப் பார்த்ததும் கண் கலங்கியவன்தான். ஆனாலும் கேட்டான்: "கடையில இருக்கற படம், எறங்கினதா, விழுந்ததா?" வாலுவுக்குப் பொய் வராது. "விழுந்தது. ஆனா அதுக்கு முன்னாடி எறங்கிட்டேன். அக்கா பாத்தா. ஃப்ளாஷ் எரியல." நெட்டையன் தலையாட்டினான். நம்பாதவன் ஆட்டுகிற தலை அப்படித்தான் இருக்கும். அவன் போன பிறகு வாலு போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு அழுதாள். கால் ஒடிந்த அன்று அழாத பெண்! அவள் இதுவரை வாய் திறந்து சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னது அந்த ஒரு தாவலில்தான், அதைக் கேட்டவர் யாரும் இல்லை என்று ஆகிவிட்டது. ராத்திரியெல்லாம் யோசித்துக் காலையில்தான் இந்த இருட்டுப் படத்தைக் கண்டுபிடித்தாள்.

அன்று ஸ்டுடியோவில் மதியம்வரை ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். காது தெரியணும், கழுத்து நேரா. கூட்டம் ஓய்ந்து ஸ்டுடியோக்காரர் சாப்பிடப் போனதும் அக்காக்காரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விழுந்த தாவலின் படத்தைத் திறந்தாள். அதற்கு ஒரு நகல் போட்டாள். வெளிச்சத்தைக் குறைக்கிற கோட்டைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தாள். நீலம் போயிற்று. இன்னும் கொஞ்சம். வாலுவின் முகம் போயிற்று, சட்டையின் நிறம் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கருப்பு உருவம், அதன் காலடியில் ஒரு கருப்புக் கோடு. முகப்பில் தொங்குகிற படம்தான் என்று தெரியாதபடி ஓரங்களை வெட்டி, லேசாகச் சாய்த்து, கொஞ்சம் சொரசொரப்பும் சேர்த்தாள். தேர்ந்த கை அல்லவா? ஃப்ளாஷ் எரியாத படம் எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே வந்தது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாலு சிரிப்பாள். நெட்டையன் மறுபேச்சு பேசமாட்டான். யாருக்கு என்ன நஷ்டம்? அவள் இறங்கியது உண்மைதானே? உண்மைக்கு ஒரு படம் இல்லாமல் போனதற்கு இன்னொரு படத்தை ஒட்டுப்போடுகிறோம், அவ்வளவுதானே? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டாள்.

"அது என்னம்மா?"

ஸ்டுடியோக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? பார்த்த மாத்திரத்தில் இது எந்தப் படிக்கட்டு, எந்தப் பெண் என்று தெரிந்துவிட்டது.

"அந்தப் படமா? மொதல்ல எறங்கினாளே, அதா?" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "அப்ப நெசமாவே எரியல." முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான்கூட, பாரேன், மனசுக்குள்ள ஒரு மூலையில நெனச்சிட்டு இருந்தேன். இத்தன தடவ எரியுதே, ஒருவேள அன்னிக்கும் எரிஞ்சிருக்குமோ, புள்ளைங்க ஏதாவது தடுமாறியிருக்குமோன்னு. பாவி மனசு. சின்னப் புள்ளைங்க மேல சந்தேகப்பட்டுட்டேன்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். காது மட்டும் சுட்டது. அந்தக் கருப்புப் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தாள். அவர் ஐயோ என்று கையை நீட்டினார்.

"இது விழுந்த படம் சார். நான்தான் இருட்டாக்கினேன். அந்தப் படம் இல்ல. எடுக்கவே இல்ல. உங்க ஃப்ளாஷுக்கு ஒண்ணுமே இல்ல சார், நான்தான் அழுத்தல. அழுத்தாம பொய் சொல்லிட்டேன்."

வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வேலையை விட்டுப் போ என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்கம்மா என்னை அவ்வளவு பேச்சு பேசும்போது, நீ பக்கத்துலதானம்மா நின்ன?"

"ஆமா சார்."

அதற்குள் ஒரு ஆள் படம் எடுக்க வேண்டும் என்று உள்ளே வந்தார். ஸ்டுடியோக்காரர் எழுந்துபோய், அவளைக் கூப்பிடாமல், தானே விளக்கைப் போட்டு அவரை உட்கார வைத்தார். "காது தெரியணும்" என்று அவளுடைய வசனத்தையும் அவரே சொன்னார். அவள் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா இன்னும் வரவில்லை. வாலு கதவுச் சத்தத்துக்கே கையை ஊன்றி நிமிர்ந்துவிட்டாள். "கெடச்சுதா?"

வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று கோத்துக்கொண்டே வந்திருந்தாள். ஒன்றும் உதவவில்லை. "இல்லடி. அந்தப் படமே கெடையாது. நான் அழுத்தவே இல்ல" என்று நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"அழுத்தலன்னா?"

"கேமராவுலேருந்து தலையத் தூக்கிட்டேன். உன்னப் பாத்துட்டே இருந்துட்டேன். ஃப்ளாஷ் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

வாலு கட்டின் ஓரத்தில் பிரிந்து நின்ற நூலை விரலால் சுற்றினாள், அவிழ்த்தாள். "மறந்துட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்று கேட்டாள். குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எருமன்னு திட்டியிருப்பேன். பலகைய உன் மேல தூக்கி எறிஞ்சிருப்பேன். எறிஞ்சிட்டு அங்கயே உக்காந்திருப்பேன். திரும்ப ஏறியிருக்க மாட்டேன்க்கா. காலு நடுங்குதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"மெஷின் ஏமாத்திடுச்சுன்னு உன் மூஞ்சி அப்டி இருந்துச்சு. உன்னப் பாத்துப் பாவமா இருந்துச்சு. அதான் ஏறினேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட கால் ஒத்துழைக்கவில்லை, இடுப்புக்கு மேலே மட்டும்தான் திரும்ப முடிந்தது. அக்காக்காரி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றாள். உட்காரத் தோன்றவில்லை. தன் பொய்யைப் பற்றி அவள் எவ்வளவோ நினைத்திருந்தாள். இப்படி ஒரு பக்கம் அதற்கு இருக்கும் என்று நினைத்ததில்லை. எலும்பை முறித்தது படிக்கட்டு இல்லை. தன் மேல் வாலுவுக்கு இருந்த இரக்கம். பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள், பாத்திரம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, குழாயை மூடினார்கள்.

"எப்டி இருந்துச்சு?" சுவரைப் பார்த்தே கேட்டாள் வாலு.

"என்னது?"

"நான் எறங்கினது. மேல போனது எனக்குத் தெரியும். கீழ படார்னு கேட்டது தெரியும். நடுவுல நான் எப்டி இருந்தேன்னு எனக்கு எப்டித் தெரியும்? நீ ஒருத்திதான பாத்த."

"நல்லா இருந்துச்சுடி. ரொம்ப நல்லா…"

"கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லாத." வாலு இந்தப் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது, ஈரம் இல்லை. "காட்டு."

அக்காக்காரிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெட்கமாக இருந்தது. பலகை மேல் ஒரு நாளும் ஏறி நிற்காதவள் அவள். தரையில் படுத்து மற்றவர்களை அண்ணாந்து பார்த்தே பழகிய உடம்பு. பையைக் கீழே வைத்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு அறையின் நடுவில் இடம் செய்துகொண்டாள். கால்களை அகட்டினாள். பாதம் நேராக இல்லை, இப்படிக் குறுக்காக. முழங்காலை மடக்கினாள், இன்னும் மடக்கினாள், எவ்வளவு கீழே போயிருந்தாள் என்று கண்ணை மூடி ஒருமுறை பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மடக்கினாள். வலது கை இடுப்பருகே, விரல்கள் விரிந்து. இடது கையை மேலே தூக்கினாள். தோளைத் தளர்த்தினாள்.

"வாய் லேசா தெறந்திருந்துச்சு. இப்டி. கண்ணு கீழ பாக்கல. தூரத்துல பாத்துட்டு இருந்த."

"இடது கை அவ்வளவு மேலயா?"

"ஆமா."

"அவ்வளவு மேல போனா நான் சாஞ்சிருப்பேனே."

"சாஞ்ச. சாஞ்சு நிமிர்ந்துட்ட."

வாலு முழங்கையை ஊன்றி எழுந்து அவளை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தாள். இனிமேல் அந்தத் தாவலுக்கு இருக்கிற ஒரே சாட்சி இதுதான் என்பதும், அந்தச் சாட்சி எப்படிப்பட்டது என்பதும் அந்தப் பார்வையில் இருந்தது.

"இதயாவது நெசமாச் சொல்றியா?"

"நெசமா."

வாலு நம்புகிறேன் என்று சொல்லவில்லை. அக்காக்காரியின் விரித்த விரல்களையே பார்த்தாள், பிறகு முழங்காலை, பிறகு குறுக்காக வைத்த பாதத்தை. தொடை வலிக்க ஆரம்பித்தது, பிறகு நடுங்க ஆரம்பித்தது. வெளியே அம்மா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வாலு வாசல் பக்கம் திரும்பவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. அக்காக்காரி கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.